கொல்லை மரம் பலகையாகும் வரை



கடந்த ஆனி மாதத்தில் எங்கள் அலுவலகத்திற்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் புதுக்கோட்டைப் பக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பல வருடங்களாக நமது மருத்துவமனையை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிற தாயார். அவர்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பலா மரம். மூத்த மகள் பிறந்த வருடத்தில் அவர்களுடைய கணவர் வைத்த கன்று அது. கணவர் இப்போது இல்லை. மரம் பக்கத்து வீட்டுச் சுவர்மேல் சாய்ந்துகொண்டே வந்ததால் வெட்டாமல் தீரவில்லை. "விறகுக்கடைக்காரர் வந்து பார்த்து, எடைக்கு ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள் பிள்ளைகள். அதை அடுப்புக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் அனுப்பினால் நோயாளிகள் உட்காரப் பெஞ்சு செய்துகொள்வீர்களா? மகளுக்கும் ஒரு சாப்பாட்டு மேஜை ஆகுமா?" என்று கேட்டிருந்தார்கள்.

இதே கேள்வி முன்பும் பலரிடமிருந்து வந்திருக்கிறது. ஆகவே அந்த அம்மாவுக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறோம். நாங்கள் தச்சர்கள் அல்ல. ஞாயிறு பள்ளியில் நாசரேத்தூர்த் தச்சுப்பட்டறையைப் பற்றி நூறு முறை சொல்லிக் கொடுத்திருக்கிறோமே தவிர, மரம் அறுக்கும் மில்லுக்குள் கால் வைத்ததே கிடையாது. ஆனாலும் எங்கள் வளாகத்து மரங்களில் ஒன்றை முழுவதும் கெடுத்து, இன்னொன்றைச் சிறிது கெடுத்துப் பெரும்பகுதியைக் காப்பாற்றியதில் சில காரியங்களைக் கற்றுக்கொண்டோம்.

முழுவதும் கெடுத்தது ஒரு மாமரம். புதிய பிரசவ வார்டு கட்டுவதற்காக அதை வெட்டினோம். அடிமரத்தைச் சுவரோரம் உருட்டிவிட்டு, கட்டட வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். ஏழு மாதம் கழித்து மில்லுக்குக் கொண்டுபோய் அறுத்தபோது உள்ளே நீலமும் கறுப்புமாகப் பூசணம் ஓடியிருந்தது. பட்டைக்கு அடியில் மாவு மாவாகக் கொட்டியது. "உளுத்துப் போச்சுங்க ஐயா, மாமரத்த இப்படிப் போடலாமா?" என்றார் மில்காரர். அறுத்த கூலியும் நஷ்டம்; பலகை சமையற்கூடத்து விறகாயிற்று.

காரணம் எளியது. மரத்தின் வெளிப்பக்கம் வெளிறிய வெள்ளைப் பகுதி. உள்ளே நிறம் கூடிய வைரம். உயிரோடிருக்கும்போது வெள்ளைப் பகுதியில்தான் மரத்தின் உணவாகிய மாவுச்சத்து சேர்ந்திருக்கும். மரம் விழுந்தவுடன் அந்த மாவைத் தேடிப் பூசணமும் வண்டும் வருகின்றன. வைரத்தில் மாவு இல்லை. பல மரங்களில் பூச்சிக்கு ஆகாத கசப்பும் காரமும் அங்கே சேர்ந்திருக்கும். மாமரத்தில் பெரும்பகுதி சீக்கிரம் கெடும் மரமே. பலாவிலும் வேம்பிலும் பூவரசிலும் வைரம் நன்றாகத் தாங்கும். அக்காலத்தில் பெரியவர்கள் வேப்ப மரத்தையும் பூவரச மரத்தையும் குளத்தில் மாதக்கணக்காக ஊறப் போட்டதும் இதற்காகத்தான். தண்ணீரில் மாவும் சர்க்கரையும் கரைந்து போய்விட்டால் வண்டுக்கு அங்கே வேலை இல்லை. நாற்றம் மட்டும் தெரு முழுவதும் வரும்; அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வெட்டுகிறவரிடம் முதலில் பேசுங்கள்

கொல்லை மரம் விறகாவதா பலகையாவதா என்பது பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. வெட்ட வருகிறவர், வண்டியில் ஏற்ற வசதியாக மூன்று மூன்று அடித் துண்டுகளாக நறுக்கிவிடுவார். அது அவருடைய வழக்கம், அவர்மேல் குற்றமில்லை. மூன்றடித் துண்டில் ஸ்டூல் செய்யலாம், மேஜை செய்ய முடியாது. ஆகவே ரம்பத்தை எடுக்குமுன்பே, "அண்ணே, அடிமரத்த ஏழடி நீளத்துக்கு முழுசா விட்டுருங்க" என்று சொல்லிவிட வேண்டும். கிளைகளை அவர் எடுத்துக்கொள்ளட்டும். கிளை மரம் வளைந்து வளர்ந்த மரம், காயும்போது முறுக்கிக்கொள்ளும். நாற்காலிக் காலுக்குக்கூட அதை நம்பக்கூடாது.

சந்தன மரமாயிருந்தால், சொந்தக் கொல்லையில் நின்றாலும் வனத்துறையின் அனுமதியின்றி கை வைக்கக்கூடாது. தேக்கோ ஈட்டியோ என்றாலும் முதலில் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. முருங்கையை விட்டுவிடுங்கள், அதில் மரம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. தென்னை வேறு ஜாதி. அதற்கு நடுவில் வைரம் கிடையாது. வெளிப்பக்கம் இரும்பு போலவும் உள்பக்கம் பஞ்சு போலவும் இருக்கும். சாதாரண வாளின் பல்லை மழுக்கிவிடும் என்று பல மில்களில் எடுப்பதில்லை.

இன்னொரு காரியம் ஆணி. தோட்டத்து மரத்தை வாங்குகிற மில்காரர்கூட வீட்டு மரம் என்றால் தயங்குவார். துணிக்கொடி கட்டிய ஆணி, ஊஞ்சல் கொக்கி, தேர்தல் நேரத்தில் யாரோ அடித்த தட்டி, எல்லாவற்றையும் மரம் வருடாவருடம் விழுங்கி வைத்திருக்கும். வெளியே தழும்புகூடத் தெரியாது. சுற்றும் வாளில் ஆணி பட்டால் வாள் போயிற்று, அறுக்கிறவருக்கும் ஆபத்து. எங்கள் வேப்ப மரத்திலிருந்து பதினொரு ஆணிகளும் ஒரு கதவுக் கொண்டியும் எடுத்தோம். நோயாளிகளின் உறவினர் தூக்குச்சட்டி மாட்ட அடித்தவை அவை. வெட்டுமுகத்தில் கருநீலமாக ஒரு கறை தெரிந்தால் அதற்கு நேரே உள்ளே இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும்.

வேப்ப மரத்தின் கதை

அந்த வேம்பு எங்கள் ஆண்கள் வார்டுக்குப் பின்புறம் நின்றது. நோயாளிகளோடு வருகிறவர்கள் அதன் நிழலில்தான் சோறு பொங்கினார்கள், படுத்தார்கள், சில நாட்களில் அழுதார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் நடுவே கஜா புயல் கரை கடந்தபோது டெல்டா முழுவதும் விழுந்த எண்ணற்ற மரங்களோடு அதுவும் விழுந்தது. தேவ கிருபையால் வார்டின்மேல் விழவில்லை.

மாமரத்தில் பட்டது நினைவிருந்தபடியால் இந்த முறை உடனே மில்லுக்கு ஓடினோம். மில்லில் மின்சாரம் இல்லை. கம்பங்களெல்லாம் சாய்ந்து கிடந்தன. எப்போது வரும் என்று சொல்வாரும் இல்லை. எங்களிடம் வழக்கமாகக் கதவு ஜன்னல் பார்க்க வரும் பெரிய ஆசாரி, அப்போது எழுபது வயதைத் தாண்டியவர், வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார். "பட்டைய உரிக்காதீங்க. தரையில படாம கட்டை குடுத்துத் தூக்கி வைங்க. ரெண்டு முனையையும் அடைச்சிருங்க. மத்தத கரண்டு வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

முனையை அடைப்பது என்பது விசேஷமான காரியம் ஒன்றுமில்லை. மரம் என்பது நீண்ட மெல்லிய குழாய்களை ஒன்றாகக் கட்டிவைத்ததுபோல. தண்ணீர் பக்கவாட்டில் மெதுவாகவும், குழாயின் வாய் வழியாகப் பல மடங்கு வேகமாகவும் வெளியேறும். ஆகவே முனை முதலில் காய்ந்து சுருங்கும். நடுப்பகுதியோ ஈரமாகவே நின்று சுருங்க மறுக்கும். இந்த இழுபறியில் முனை வெடித்து, வெடிப்பு ஒரு அடி, ஒன்றரை அடி உள்ளே ஓடிவிடும். மரம் விழுந்த அன்றே முனைகளில் கெட்டியாகப் பெயிண்டோ தாரோ மெழுகோ பூசிவிட்டால் இது பெரும்பாலும் நின்றுபோகும். எங்களுக்குக் கிடைத்தது மெழுகு. முந்தின கிறிஸ்துமஸ் ஆராதனையில் எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டுகளை ஆலயத்துப் பணியாளர் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது. அதை உருக்கிப் பூசினோம்.

டிசம்பர் நடுவில் மில் ஓடியது. அங்கே மரத்தை அளக்கும் முறையை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, அடிக்கணக்கில் நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. எங்கள் வேம்பு 64 அங்குலச் சுற்று, 9 அடி நீளம். நாலில் ஒன்று 16. பதினாறு பதினாறு 256. அதை 9-ஆல் பெருக்கி 144-ஆல் வகுக்க 16 கன அடி வந்தது. உண்மையான கன அளவு இதைவிட நாலில் ஒரு பங்கிற்கு மேலேயே அதிகம். பட்டைக்கும் வாள் தின்னும் தூளுக்கும் விட்டுக்கொடுத்த கணக்கு இது. நீங்கள் விற்கிறவராயிருந்தால் இதை நினைவில் வையுங்கள். அறுத்து முடித்தபோது வேலைக்கு ஆகும் பலகையாக ஏறக்குறைய 9 கன அடி எங்கள் கைக்கு வந்தது.

ஒரு அங்குலப் பலகை வேண்டுமானால் ஒன்றேகால் அங்குலமாக அறுக்கச் சொல்ல வேண்டும். காய்ந்து சுருங்குவதும், இழைப்புளியில் போவதும் அந்தக் கால் அங்குலத்தில்தான். மரத்தின் நடுமையம் எந்தப் பலகையிலும் சேராதபடி அறுக்கச் சொல்லுங்கள். மையம் உள்ள பலகை வெடித்தே தீரும்.

பச்சைப் பலகையிலேயே போரிக் பவுடரும் வெண்காரமும் கலந்த கரைசலை எல்லாப் பக்கமும் தாராளமாகப் பூசி, சில நாட்கள் தார்ப்பாயால் மூடி வைத்தோம். ஈரத்தோடு ஈரமாக மருந்து உள்ளே இறங்கும். காய்ந்த பிறகு பூசினால் மேலோடு நின்றுவிடும். வண்டு எதிர்ப்புக்கு இது எளிய வழி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அண்டவிடாதீர்கள். மழையில் நனையும் சாமானுக்கு மட்டும் இது பயன்படாது, கரைந்து போய்விடும்.

அடுக்குவதுதான் வேலை

பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே போட்டால் நடுவில் பூசணம் பூக்கும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மட்டமாகக் கட்டைகள் வைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஒரு அங்குலச் சதுர ரீப்பர்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். மேல்வரிசை ரீப்பரும் கீழ்வரிசை ரீப்பரும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இதில் சோம்பற்பட்டால் பலகை அலை அலையாக வளைந்துவிடும். உச்சியில் நாலைந்து கருங்கல் பாரம். மேலே கூரை, பக்கங்களில் நல்ல காற்று, ஆனால் வெயில் நேரே படக்கூடாது. வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று தோன்றும். தோல் காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கிற பலகை வெடிப்பதற்கு ஒரு பகல் போதும்.

எவ்வளவு நாள் என்பதற்குப் பழைய கணக்கு, ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம். அது குளிர்நாட்டாருக்கும் பொருந்தும்படி சொன்ன கணக்கு. நம் ஊர்க் காற்றில் அதற்குக் குறைவாகவே போதும். ஆனால் நாங்கள் அந்தக் குறைவையும் பொறுக்கவில்லை. 2019 பிப்ரவரியில் மருத்துவமனை ஆண்டுவிழா. புயலில் விழுந்த மரத்தில் செய்த பெஞ்சை அன்று பிரதிஷ்டை செய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எங்களில் ஒருவருக்குத் தோன்றியது, மற்றவர்களும் தலையாட்டினோம். பெரிய ஆசாரி, "ஐயா, மரம் இன்னும் பச்சை" என்றார். ஒரே ஒரு பெஞ்சு மட்டும் என்றோம். செய்து கொடுத்தார். ஜெபித்தோம், புகைப்படம் எடுத்தோம்.

மே மாதம், அக்கினி நட்சத்திர வெயிலில், ஒரு இரவு டியூட்டி நர்சு ஏதோ வெடித்தது என்று டார்ச்சோடு ஓடி வந்தார்கள். பெஞ்சின் உட்காரும் பலகை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பிளந்திருந்தது. அதை அப்புறப்படுத்துமுன் மறுநாள் காலையில் வயதான தாயார் ஒருவர் அதில் உட்கார, சேலை முந்தானை வெடிப்பில் அகப்பட்டுக் கிழிந்துவிட்டது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் வெட்கமாயிருந்தது.

நடந்தது இதுதான். நனைந்த துணியைப் பிழிந்தால் சொட்டுகிற தண்ணீர் போய்விடும்; துணி ஈரமாகவேதான் இருக்கும். மரத்திலும் அப்படியே. குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் முதலில் போகிறது. அப்போது மரம் சுருங்குவதில்லை. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரம் மீதியிருக்கும் கட்டத்திலிருந்துதான், குழாய்ச் சுவரில் ஊறியிருக்கும் நீர் போகத் தொடங்கி மரம் சுருங்குகிறது. வீட்டுச் சாமானுக்கு அது 12 சதவீதத்தின் அருகே வந்திருக்க வேண்டும். சுருக்கமும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இல்லை. நீளத்தில் அனேகமாக இல்லவே இல்லை. வளையங்களுக்குக் குறுக்கே ஒரு பங்கு சுருங்கினால், வளையங்களைச் சுற்றியபடி ஏறக்குறைய இரண்டு பங்கு. எங்கள் பெஞ்சுப் பலகை அகலத்தில் சுருங்கப் பார்த்தது. நாங்களோ அதைக் குறுக்குச் சட்டத்தில் இரு பக்கமும் ஆணி அடித்து இறுக்கியிருந்தோம். சுருங்க இடமில்லாதபோது பலகைக்குப் பிளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மீதிப் பலகைகளுக்கு ஆசாரி ஒரு யோசனை சொன்னார். அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை எடை பார்க்க வேண்டும். எடை இறங்குவது நிற்கிறபோது மரம் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று அர்த்தம். பிரசவ வார்டில் ஒதுக்கிப் போட்டிருந்த குழந்தை எடை பார்க்கும் தராசைத் தூசி தட்டி எடுத்தோம். முதல் எடை 3 கிலோ 800 கிராம். சிஸ்டர்கள் அதையும் நோட்டில் ஏற்றினார்கள். குழந்தைக்கு எடை ஏறினால் சந்தோஷம், இதற்கு இறங்கினால் சந்தோஷம் என்று ஒரே சிரிப்பு. ஆகஸ்டில் 2 கிலோ 500-க்கு வந்து நின்றது. அதன்பின் இரண்டு முறை பார்த்தும் அசையவில்லை. பிறகுதான் இழைப்புளி எடுத்தார்.

காய்ந்த மரமும் மழைக்காலத்தில் சற்று விரிந்து கோடையில் சுருங்கும். பதினைந்து அங்குல அகலப் பலகை ஒரு வருடத்திற்குள் கிட்டத்தட்ட கால் அங்குலம்கூட அசையலாம். ஆகவே இம்முறை உட்காரும் பலகையை நடுவில் மட்டும் இறுக்கி, ஓரங்களில் திருகாணித் துளையை நீளவாட்டில் விட்டுப் பொருத்தினார். கால்களும் சட்டங்களும் கழுந்தும் துளையுமாகச் சேர்ந்தவை. ஐந்தடிப் பெஞ்சு ஒன்றுக்கு ஒன்றரை கன அடி மரம் சென்றது. பிளந்ததைத் தவிர ஐந்து பெஞ்சுகளும் கணக்கர் அறைக்கு ஒரு ஸ்டூலும் கிடைத்தன. பெஞ்சுகள் இன்றும் வெளிநோயாளர் பிரிவின் முன்னே கிடக்கின்றன. அவற்றுக்கு பிரெஞ்சு பாலிஷ் போட ஆசைப்பட்டோம். அது ஸ்பிரிட்டில் கரையும் அரக்கு, மருத்துவமனைத் துடைப்புக்கு ஒரு மாதம் தாங்காது என்று வார்னிஷே அடித்தோம். வீடுகளில் ஆளிவிதை எண்ணெய் தேய்க்கலாம், அழகாயிருக்கும். ஆனால் எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. தண்ணீரில் நனைத்து விரித்துப் போடுங்கள்.

பலா மரத்துக்கு வருவோம்

கடிதம் கிடைத்த அந்த வாரமே எங்களில் இருவர் அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். அடியில் ஒன்றரை அடி பொந்து. அதைத் தள்ளி 7 அடி நல்ல மரம், 56 அங்குலச் சுற்று. ஏறக்குறைய ஒன்பதரை கன அடி. பாதி தேறினாலும் ஆறு பேர் உட்காரும் மேஜைக்கு இரண்டேகால் கன அடி போக, இன்னும் ஒரு பெஞ்சுக்கு இருக்கிறது. வெட்டுமுகம் மஞ்சள் அரைத்துப் பூசினதுபோல் இருந்தது. இந்த மஞ்சள் வெளிச்சம் பட வருடக்கணக்கில் கருத்துத் தேன் நிறமாகும். தஞ்சாவூர் வீணை செய்கிறதும் தஞ்சாவூர் ஓவியத்திற்குப் பலகையாவதும் இந்த மரமே. புத்த பிக்குகளின் ஆடைக்கு இதைக் கொதிக்க வைத்துத்தான் சாயம் எடுத்தார்கள். விறகுக்கடைக்காரர் சொன்ன விலை எடைக்குச் சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் அளந்தது எரிக்கிற மரத்தை.

மரத்தை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டாம் என்றோம். லாரி வாடகை மரத்தின் விலையைத் தொட்டுவிடும். எங்களிடம் அடுக்க இடமும் இல்லை. "அப்ப நான் என்னய்யா செய்யறது? ஒண்டியா இருக்கேன்" என்றார்கள் அம்மா. அதுவும் நியாயமான கேள்வி. சபையின் வாலிபர்கள் ஆறு பேர் ஒரு சனிக்கிழமை வந்து, மினி வண்டியில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோய் அறுத்து, மருந்து பூசி, காலியாய்க் கிடந்த மாட்டுக்கொட்டிலில் அடுக்கிக் கொடுத்தார்கள். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரீப்பர் நேராக இருக்கிறதா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராயிருந்தவர்கள்.

எடை பார்க்கும் துண்டில் தேதியைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் நிறுக்கிறார்களாம். போன கடிதத்தில், இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, தைக்குப் பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். மேஜையின் அளவை மகளே அனுப்பியிருக்கிறாராம். பெஞ்சு நமக்கு.